சர்க்கரையை மிச்சம் பிடிச்சா சர்பத் மிஞ்சாது

(ஆரணியில் நடந்த குழுக்களின் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



தார் சுத்துற நேரம் போக, வெயில் காலத்துல கூட நாலு காசு பார்க்கலாம்னு எங்க குழுவில் நன்னாரி சர்பத் போட்டோம். 3,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். "சர்க்கரை விலை அதிகம், தண்ணியைக் கூட்டிக்கலாம்"னு சொன்னவள் நான்தான். 1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். அஞ்சாம் நாள் பாட்டிலில் நுரை பொங்கி, புளிச்ச வாடை அடிச்சுது. கடைக்காரர் எல்லாத்தையும் திருப்பிட்டார். கைக்காசு போட்டுத்தான் கடனை அடைச்சோம்.

ஊறுகாயை உப்பு காப்பாத்துற மாதிரி, பாகைச் சர்க்கரைதான் காப்பாத்துது. சர்க்கரை போதுமான அளவு இருந்தால் கிருமி வளரத் தண்ணீர் கிடைக்காது. தண்ணீர் கூடினால் புளித்துவிடும்.

சரியான அளவைச் சொல்றேன், குறிச்சுக்குங்க. நன்னாரி வேர் 50 கிராம் எடுத்து, தட்டி, நடுவில் உள்ள கட்டையை நீக்குங்கள். மணம் மேல்தோலில்தான் இருக்கு. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். வடிகட்டிய தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 1 கிலோ. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் அழுக்கை எடுத்துவிட்டு, அரை மூடி எலுமிச்சைச் சாறு விடுங்கள். அப்பதான் பாகு கல்கண்டு மாதிரி கட்டாது. ஆறியதும், வெந்நீரில் கொதிக்க வைத்து ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். ஈரக் கரண்டி படவே கூடாது.

1 லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பாகு கிடைக்கும். டம்ளருக்கு 2 மேஜைக்கரண்டி போட்டால் முப்பது டம்ளருக்கு மேல் வரும். தண்ணீர், எலுமிச்சை எல்லாம் குடிக்கும்போது மட்டும் கலக்கணும்.

குலாப் ஜாமூனுக்கு இந்தப் பாகு வேண்டாம். ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கையில் பிசுபிசுன்னு ஒட்டினால் போதும், கம்பிப் பதம் வரக்கூடாது. ஆனால் அந்தப் பாகை எடுத்து வைக்காதீங்க, சீக்கிரம் கெட்டுடும்.

ஒரு டம்ளர் சர்பத்தில் 5 டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கு. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்குக் கொடுக்காதீங்க. விற்பனை செய்றவங்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துக்கணும்.

பட்டுல ஜரிகையைக் குறைச்சா ஆரணிக்காரங்க கண்ணு கண்டுபிடிச்சுடும். சர்பத்தும் அப்படித்தான். சர்க்கரையில் மிச்சம் பிடிச்சது கொஞ்சம், போனது குழுவின் பேரு. அளவு தவறாமல் செய்வோம், அந்தப் பேரைத் திரும்ப வாங்குவோம்.