குற்றவாளி யார்?
(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எம் இளைஞருட் பலர் இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் சேர்வர்க் கணனிகளைப் பராமரிக்கும் தொழிலில் அமர்ந்துள்ளனர். சேர்வர் திணறினால் நோயாளியின் பதிவேடு திறவாது. முதியவரின் ஓய்வூதியம் கைக்கு வராது. அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

லினக்ஸ் சேர்வரில் 'ரொப்' என்னும் கட்டளையை இட்டால், எந்தச் செயன்முறை எவ்வளவு உழைக்கின்றது என்பது தெரியும். சில வேளைகளிற் பட்டியலின் உச்சியில் 'கேஸ்வொப்டி0' என்ற பெயர் 100 வீதத்துடன் நிற்கும். ஒரு கோர் முழுவதையும் அது விழுங்குகின்றது என்பதே இதன் பொருள். கண்டவுடன், "இதுவே குற்றவாளி, கொல்லுக!" என்போம். ஆனால் உண்மை வேறு.

கேஸ்வொப்டி யார்? வியாபாரி ஒருவரின் முன்கடையையும் பின்களஞ்சியத்தையும் எண்ணிப் பாருங்கள். முன்கடை நினைவகம், களஞ்சியம் வட்டு. முன்கடையில் வெற்றிடம் ஓர் எல்லைக்குக் குறைந்தால் ஏவலாளன் விழித்தெழுவான். வேண்டாதவற்றை அகற்றுவான், சிலவற்றை 'சுவொப்' என்னும் பகுதிக்கு அனுப்புவான், போதிய இடம் கிடைத்ததும் உறங்குவான். அனுப்பிய பொருளையே மறுகணம் கேட்டால், அது திரும்பி வந்து கடையை மீண்டும் நிரப்பும். ஏவலாளனுக்கு ஓய்வு ஏது? கடையை அளவுக்கு மீறி நிரப்பியவன் வேறொருவன் அன்றோ!

இச்செயன்முறை கேர்ணலின் ஓர் அங்கம். 'கில்' கட்டளைக்கு அது அசையாது. சேர்வரை நிறுத்தி மீளத் தொடக்கினால் சிறிது நேரம் அமைதி நிலவும். ஆனால் சான்றுகள் அழிந்துவிடும், நோயும் திரும்பும்.

ஆதலின் முறையாக ஆராய்வோம். முதலாவது, 'பிறீ' கட்டளையிட்டு, 'அவெய்லபிள்' என்னும் நிரலை நோக்குவோம். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் பிரதிகளுக்குப் பயன்படுத்துவதால், 'பிறீ' நிரலிலுள்ள எண் குறைந்திருப்பதுகண்டு அஞ்சவேண்டியதில்லை. இரண்டாவது, 'வி.எம்.ஸ்ரற் 1' கட்டளை ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு வரி தரும். முதல் வரி கணனி தொடங்கியது முதலான சராசரி; அதை விடுக. பின்வரும் வரிகளில் 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' நிரல்கள் இடையறாது உயர்ந்து நின்றால் நினைவகப் பஞ்சம் உறுதி. மூன்றாவது, 'ரொப்' திரையிற் பெரிய எம் எழுத்தை அழுத்தினால், நினைவகத்தை மிகுதியாக உண்பவர் மேலே வருவர். அளவுக்கு மீறி ஒதுக்கீடு பெற்ற தரவுத்தளமோ, எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத நிரலோ அங்கே அகப்படும். அதன் அளவைக் குறைப்போம். தேவை நியாயமானதாயின் றாம் நினைவகத்தைக் கூட்டுவோம். சுவொப்பை மட்டும் பெருக்குதல் சிறிது அவகாசம் தருமேயன்றி நோயைத் தீர்க்காது.

இன்னுமோர் எச்சரிக்கை. பிறர் கணனியிற் களவாக மறைநாணயம் தோண்டும் நிரல்கள் இதே பெயரைச் சூடிக்கொள்வதுண்டு. உண்மையான கேஸ்வொப்டியின் உரிமையாளர் 'றூட்'; அதன் பெற்றோர்ச் செயன்முறையின் எண் 2. 'பி.எஸ்.' கட்டளை இவற்றைக் காட்டும். சாதாரணப் பயனர் ஒருவரின் பெயரில் அது ஓடினால், கள்வன் புகுந்துவிட்டான் என்று அறிக. உடனே வலையமைப்பிலிருந்து சேர்வரைப் பிரித்து, புகுந்த வழியைத் தேடுக. எளிய கடவுச்சொல்லே பலமுறை திறந்த கதவாக அமைகின்றது.

இறுதியாகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். அலுவலகங்களில் அதிகாரம் உங்கள் கையில் உள்ளது. "உடனே மீளத் தொடக்கு" என்று கட்டளையிடுமுன், இளைஞனுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மக்கள் காத்திருக்கின்றார்களாயின், இம்மூன்று கட்டளைகளின் விடைகளையாவது பதிந்து வைத்தபின் தொடக்கட்டும். இளைஞர்களே, நீங்களும் அதிகம் உழைப்பவன்மேல் அவசரப்பட்டுப் பழி சுமத்தாதீர்கள். அவனை உழைக்கவைத்தது எது என்று கேளுங்கள்.