தக்காணத்து ஓநாயும் வேட்டைக்காரர் சாட்சியமும்

இந்திய ஓநாயின் அறிவியல் பெயர் தக்காணத்தில் பிறந்தது. பம்பாய்ப் படை அதிகாரியாக இருந்து, பின்னர் அரசின் புள்ளிவிவர ஆய்வாளராகத் தக்காணம் முழுவதும் சுற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ், இவ்வட்டாரப் பாலூட்டிகளின் பட்டியலை 1831-ல் லண்டன் விலங்கியல் கழகத்தின் வழியாக வெளியிட்டார். அதில் அவர் விவரித்த விலங்குதான் இன்று கேனிஸ் லூபஸ் பாலிப்பெஸ் எனப்படுகிறது. இக்கருத்தரங்கு கூடியுள்ள புணேயின் விமான் நகர், லோகேகாவ் விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த புதிய குடியிருப்பு. அதன் ஓரமாக ஓடும் நகர் சாலை வாகோலி, ஷிரூர் வழியாக அகில்யாநகருக்குச் செல்கிறது. புணே மாவட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள சாஸ்வட், ஜெஜுரி, பாராமதி, இந்தாப்பூர் பக்கத்துப் புல்வெளிகளில் ஓநாய் இன்றும் குட்டி ஈன்று வளர்க்கிறது. மென்பொருள் அலுவலகங்களிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஓநாய்க் கூட்டம் வாழும் நகரங்கள் உலகில் அதிகமில்லை.

இவ்விலங்கு மனிதருக்கு ஆபத்தானதா என்ற கேள்விக்கு இந்தியாவில் இருவகைச் சாட்சியங்கள் இருக்கின்றன. ஒன்று வேட்டைக்காரர் எழுதி வைத்தது. மற்றது வருவாய்த் துறை, காவல் துறைப் பதிவேடுகளில் சேர்ந்தது. முதலாவதைப் படிப்பவருக்கு ஓநாய் ஒதுங்கிப் போகும் பிராணி. இரண்டாவதைப் படிப்பவருக்கு அது குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் கொலைகார விலங்கு. இரண்டில் ஒன்று பொய் என்று தள்ளிவிடுவதே இதுவரை பெரும்பாலும் நடந்திருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பதும், எந்த நிலையில் எது உண்மை என்று பிரித்தறிவதே ஆய்வின் வேலை என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

வேட்டைக்காரர் சாட்சியத்தில் மதிப்பு மிக்கது வால்டர் எலியட் எழுதியது. அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் என்று தமிழ் வாசகர் அறிந்த அதே எலியட்தான். அதற்கு முன் தென் மராட்டா நாட்டில் பணியாற்றிய அவர், அப்பகுதிப் பாலூட்டிகளின் பட்டியலை 1839-ல் வெளியிட்டார். சில ஓநாய்கள் பள்ளங்களில் பதுங்கியிருக்க, மற்றவை வெளிமான் கூட்டத்தை அவற்றை நோக்கி ஓட்டிவரும் உத்தியை அது விவரிக்கிறது. சமவெளியில் குதிரையேறி ஈட்டியோடு விரட்டிய அதிகாரிகளும் இருந்தார்கள். நல்ல குதிரையும் களைத்துப்போகும் அளவுக்கு ஓநாய் ஒரே சீராக ஓடும் என்பதால் இவ்வகை வேட்டையில் வெற்றி கண்டவர் சிலரே. புலி, சிறுத்தையைப் போல ஓநாய்த் தோலுக்குப் பெருமை இல்லாததால், அதைத் தேடிப் போனவர்களும் குறைவு. வேறு விலங்கைத் தேடும்போது எதிர்ப்பட்ட ஓநாயைப் பற்றிய குறிப்புகளே மிகுதி. அவற்றில் ஓநாய் நின்று பார்க்கும், விலகும், குண்டு எட்டாத தொலைவுக்குப் போய் மறுபடியும் திரும்பிப் பார்க்கும்.

இச்சாட்சியம் நேர்மையானது. ஆனால் சாட்சி சொன்னவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த ஆண், கையில் ஆயுதம், பெரும்பாலும் குதிரை மேல், பட்டப்பகலில், துணைக்கு ஆட்கள். சுமார் 20 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு மிகவும் தவிர்க்க விரும்பும் உருவம் அதுதான். வேட்டைக்காரரை ஓநாய் தானாக வந்து தாக்கியதில்லை என்பதிலிருந்து, அந்தி நேரத்தில் குடிசை வாசலில் தனியே விளையாடும் நான்கு வயதுக் குழந்தையையும் தாக்காது என்ற முடிவுக்கு வர வழியில்லை. வேட்டைக்காரர் கடிபட்ட நிகழ்வுகளும் உண்டு. பொறியில் சிக்கியதை நெருங்கியபோதும், காயம்பட்டதைக் கையால் பிடிக்க முயன்றபோதும், குகையைத் தோண்டிக் குட்டி எடுத்தபோதும் நேர்ந்த கடிகள் அவை. மூலையில் அடைபட்ட எந்த விலங்கும் செய்வதையே ஓநாயும் செய்தது.

பதிவேடுகள் சொல்லும் கதை வேறு. 1876-ல் வடமேற்கு மாகாணங்களிலும் பீகாரிலும் ஓநாயால் 721 பேர் இறந்ததாகவும், 1878-ல் மேல் இந்தியாவில் 624 பேர் இறந்ததாகவும் பிரிட்டிஷ் அரசின் கணக்கு கூறுகிறது. இந்த எண்களை அப்படியே ஏற்பதும் சரியல்ல, ஒதுக்குவதும் சரியல்ல. உடலைப் பார்த்து எந்த விலங்கின் வேலை என்று சொல்லும் திறன் அன்றைய காவல் நிலையங்களில் இல்லை. நரி, கழுதைப்புலி, சிறுத்தை ஆகியவற்றின் பழியும் சில இடங்களில் மனிதரின் குற்றமும் ஓநாய்க் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான இறப்புகள் ஆண்டுதோறும் ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்பப் பதிவானதை வதந்தி என்று மட்டும் விளக்க முடியாது. அரசு கண்ட தீர்வு வெகுமதி. வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் தொகுத்த கணக்கின்படி 1875 முதல் 1925 வரை சுமார் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டன. இதே காலத்தில் கொல்லப்பட்ட புலிகள் 80,000. அத்தனை ஓநாய்களைக் கொன்ற பிறகும் குழந்தைகளின் இறப்பு நிற்கவில்லை என்பதைத் திட்டமிடுவோர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் நடந்த தொடர் தாக்குதல்கள் ஓரளவு நன்றாக ஆராயப்பட்டவை. மத்தியப் பிரதேசத்தின் ஆஷ்டாவில் 1985-86-ல் 17 குழந்தைகள் இறந்தனர். பீகாரின் (இன்று ஜார்க்கண்ட்) ஹஜாரிபாகில் 1993 முதல் 1995 வரை 60 குழந்தைகள் இறந்தனர். 1996-ல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜவுன்பூர் மாவட்டங்களில் 76 குழந்தைகள் கொல்லப்பட்டனர் அல்லது கடுங்காயம் அடைந்தனர். யாதவேந்திரதேவ் ஜாலாவும் தினேஷ் சர்மாவும் அங்கே சென்று செய்த ஆய்வு, இத்துறையில் முன்மாதிரி எனலாம். கிராமத்தில் பரவிய பேச்சு, ஓநாய் வேடமிட்ட மனிதன், பாதி மனிதன் பாதி மிருகம் என்றெல்லாம் போயிருந்தது. அந்நியர் சந்தேகத்துக்கு ஆளாகி அடிபட்டார்கள். ஆய்வாளர்கள் காயங்களையும் தடங்களையும் சம்பவ இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓநாய்தான் செய்தது என்று உறுதிப்படுத்தினார்கள். அதோடு, அத்தனை தாக்குதலுக்கும் பெரும்பாலும் ஒரே ஓநாய் அல்லது ஒரே கூட்டம் காரணம் என்றும் கண்டார்கள். தாக்கப்பட்டவர் அனைவரும் சிறு குழந்தைகள். நேரம் பெரும்பாலும் அந்திக்குப் பின். வீடுகள் கதவு இல்லாத குடிசைகள். சுற்றுவட்டாரத்தில் காட்டு இரை ஏறக்குறைய இல்லை; ஆடுகளோ, குழந்தைகளை விடக் கவனமாக இரவில் உள்ளே கட்டப்பட்டிருந்தன. ஆடு போனால் குடும்பத்தின் பிழைப்பு போகும் என்பதால் அப்படி. வறுமையின் இந்தக் கணக்கைத் தொடாமல் ஓநாயை மட்டும் பேசும் எந்த ஆய்வும் பாதி ஆய்வே.

2024-ல் அதே மாநிலத்தின் பஹ்ராய்ச் மாவட்டத்தின் மஹ்சி வட்டத்தில் நடந்தது இதே வகை. காக்ரா ஆற்றின் வெள்ளச் சமவெளி, கரும்பு வயல், வாசலில் உறங்கும் குழந்தைகள். வனத்துறை டிரோன்களையும் வெப்ப உணர் கேமராக்களையும் கொண்டுவந்தது. ஆறு ஓநாய்கள் கொண்ட கூட்டம் என்று கணித்து ஐந்தைப் பிடித்தார்கள். ஆறாவதை அக்டோபரில் ஊர்மக்கள் அடித்துக் கொன்றார்கள். குட்டிகளை இழந்த ஓநாய்கள் பழிவாங்குகின்றன என்ற செய்தி தமிழ் ஊடகங்கள் வரை வந்தது. ஓநாயின் நடத்தை குறித்து இதுவரை அறிந்த எதிலும் இதற்கு ஆதாரம் இல்லை. வெள்ளத்தில் குகை அழிவதும், இரை குறைவதும், ஒருமுறை எளிதாகக் கிடைத்த இரையை அதே கூட்டம் மறுபடி தேடுவதும் போதுமான விளக்கங்கள்.

இத்தகைய தொடர் தாக்குதல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பின்லாந்தின் தூர்க்கு நகரை அடுத்த ஊர்களில் 1880-81-ல் 22 குழந்தைகள் ஓநாயால் இறந்தனர். ஏழைக் குழந்தைகள் தனியே மாடு மேய்த்த காலம் அது. அந்நிலை மாறிய ஐரோப்பாவில் ஓநாய் திரும்பிப் பெருகியும் அத்தகைய தொடர் நிகழவில்லை. நார்வே இயற்கை ஆய்வு நிறுவனம் 2002 முதல் 2020 வரை உலகெங்கும் நடந்த தாக்குதல்களைத் திரட்டியபோது 489 பேர் தாக்கப்பட்டதாகவும் 26 பேர் இறந்ததாகவும் தெரிந்தது. இரையாகக் கருதித் தாக்கப்பட்டவர் 67 பேர். 42 பேர் ஓநாயைச் சீண்டியோ வளைத்தோ கடிபட்டவர்கள். மீதி 380 பேரையும் கடித்தவை வெறிநோய் கண்ட ஓநாய்கள்.

அந்த 380 என்ற எண் தனிக் கவனத்துக்கு உரியது. வெறிநோய் கண்ட ஓநாய் பட்டப்பகலிலும் ஊருக்குள் நுழையும். பெரியவர் சிறியவர் என்று பாராது ஒருவர் பின் ஒருவராகக் கடிக்கும். யாரையும் தின்னாது, தூக்கிச் செல்லாது. பாய்ந்து முகத்திலும் தலையிலும் கடிப்பதால் நச்சுயிரி மூளைக்குச் செல்லும் தூரம் குறைவு. மருத்துவ வரலாற்றில் இதற்கு ஓரிடம் உண்டு. 1886-ல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து வெறிநோய் ஓநாய் கடித்த 19 குடியானவர்கள் பாரிஸில் பாஸ்டரிடம் அழைத்து வரப்பட்டனர்; 16 பேர் பிழைத்தனர். 1954-ல் ஈரானின் சஹ்னே கிராமத்தில் ஓர் ஓநாய் ஒரே இரவில் 29 பேரைக் கடித்தது. தலையில் காயம் பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரமும் பெற்ற 13 பேரில் ஒருவர் மட்டுமே இறந்தார். இன்று ஆழ்ந்த கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும் என்ற உலகளாவிய நடைமுறைக்கு வலுவான சான்றாக நின்றது அந்தக் கிராமத்தின் துயரம். புணேயின் புல்வெளி ஊர்களில் ஓநாயால் வரக்கூடிய ஆபத்தில் முதலிடம் வெறிநோய்க்கே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீரம் இருக்கிறதா என்ற கேள்வி, ஓநாய் எத்தனை என்ற கேள்வியை விட அவசரமானது.

தக்காணத்தில் இரைக்கான தாக்குதல் ஏன் உத்தரப் பிரதேசத்தைப் போல நிகழ்வதில்லை என்பதற்குத் தங்கர் இடையர்களின் கிடையைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். தீபாவளியை ஒட்டிப் பல குடும்பங்கள் கொங்கணம் நோக்கி இறங்கி, மழைக்கு முன் மேட்டு நிலத்துக்குத் திரும்புகின்றன. பட்டிச் சாமானும் கோழிக்குஞ்சும் கைக்குழந்தையும் குதிரை மேல் வரும். அறுவடையான வயலில் கிடை போட்டால் எருவுக்காக நில உடைமையாளர் தானியமோ பணமோ கொடுப்பார். இராமநாதபுரத்துக் கீதாரிகளுக்குத் தெரிந்த அதே ஏற்பாடு. மாலையில் வலை கட்டி ஆட்டை அடைக்கிறார்கள். நாய்கள் சுற்றிலும் படுக்கின்றன. பெண்களும் குழந்தைகளும் வெட்டவெளியில், ஆட்டுக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார்கள். ஓர் ஓநாய் ஒரு பக்கம் முகம் காட்டி நாய்களை இழுத்துக்கொண்டு போக, இன்னொன்று மறுபக்கம் வலையைத் தாண்டுகிறது. இரவில் ஆடு போகிறது. ஆனால் தங்கர்கள் சொல்லும் குறைகளில் குழந்தை போன கதை அநேகமாக இல்லை. ஆடு ஏராளம், காவலுக்குப் பெரியவர்கள் விழித்திருக்கிறார்கள், குழந்தை தனியே விடப்படுவதில்லை. கோழிப்பண்ணைக் கழிவும் செத்த கால்நடையும் ஓநாய்க்கு உணவாகின்றன. ஓநாய் நடமாடும் நிலத்தில் கதவே இல்லாமல் உறங்கும் இம்மக்களின் தலைமுறை அனுபவம், எந்த வேட்டைக்காரரின் நூலையும் விட எடையுள்ள சாட்சியம்.

இந்த இணக்கம் நிலையானது அல்ல. இந்தியாவில் எஞ்சிய ஓநாய்கள் ஏறக்குறைய மூவாயிரம். அவை வாழும் புல்வெளி, அரசின் வரைபடத்தில் தரிசு நிலம். தொழிற்பேட்டை, மனைப்பிரிவு, மரக்கன்று நடும் திட்டம் எதற்கும் முதலில் எடுக்கப்படுவது அதுதான். சூபே அருகே உள்ள மயூரேஷ்வர் சரணாலயத்தின் பரப்பு சுமார் 5 சதுர கிலோமீட்டர். ஓர் ஓநாய்க் கூட்டத்தின் ஓர் இரவு நடைக்கும் அது போதாது. நகரம் நெருங்க நெருங்கக் குப்பைமேட்டு நாய்கள் பெருகுகின்றன. புணே அருகே வழக்கத்துக்கு மாறான நிறத்தில் திரிந்த விலங்குகளை ஊர் ஆர்வலர்கள் கவனித்துச் சொன்னதன் பேரில், தி கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட், ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனம், தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்து, ஓநாயும் நாயும் கலந்த கலப்பினத்தை இந்தியாவில் முதன்முறையாக 2023-ல் உறுதிசெய்தனர். மனிதரிடம் கூச்சமற்ற நாயின் இயல்பு ஓநாய்க்குள் கலந்தால் என்ன ஆகும் என்பது இங்கே கூடியுள்ள மரபியலாளரும் நடத்தை ஆய்வாளரும் சேர்ந்து ஆராய வேண்டிய பொருள். நாய் வழியாக வரும் வெறிநோயும் டிஸ்டெம்பர் தொற்றுநோயும் அதைவிட உடனடியானவை. புல்வெளி ஊர்களின் நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது ஓநாய்க்கும் காப்பு, மனிதருக்கும் காப்பு.

இழப்பீட்டு முறையும் மாற வேண்டும். வன உயிரினத்தால் கால்நடை இறந்தால் மகாராஷ்டிர அரசு பணம் தருகிறது. அதைப் பெற, குறித்த காலத்துக்குள் தகவல் சொல்லி, சடலத்தை அதே இடத்தில் வைத்து, சாட்சிகள் முன் எழுதும் பஞ்சநாமா முடியும் வரை காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஓர் ஊர் என்று நகரும் இடையருக்கு இது இயலாத காரியம். ஒரு செம்மறிக்காக மந்தையை நிறுத்தினால் மற்றவை பட்டினி கிடக்கும். அதனால் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. இழப்புக் கணக்கிலும் ஏறுவதில்லை. சிலர் சடலத்தில் விஷம் வைக்கிறார்கள், சிலர் குகைவாயில் புகை போட்டுக் குட்டிகளைக் கொல்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தையும் இருப்பிடக் குறிப்பையும் ஆதாரமாக ஏற்று, அடுத்த ஊரிலேயே பணம் பெற வழி செய்தால் இந்தக் கொலைகளில் ஒரு பகுதியாவது நிற்கும். குழந்தை தாக்கப்படும் அரிய நிகழ்வில், கடிவாயிலிருந்து உமிழ்நீர் மாதிரி எடுத்து மரபணு பார்த்து, எந்த விலங்கு என்று முதல் நாளிலேயே முடிவு செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் வேண்டும். சந்தேகத்தின் பேரில் கண்ணில் பட்ட ஓநாயையும் நரியையும் சுடுவதால் குற்றவாளி விலங்கு தப்பிவிடுகிறது, அடுத்த குழந்தையும் அதே ஆபத்தில் இருக்கிறது.