கட்டபொம்மனும் சிவகிரிக் கோட்டையும்



‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் கோயில் கொடை, கல்யாண வீடு எதுவானாலும் குழாய் ரேடியோவில் அந்தக் கதைவசனம் ஓடும். கலெக்டர் ஜாக்சன் துரையோடு கட்டபொம்மன் மோதும் கட்டத்தை, எழுத்து அறியாத பெரியவர்களும் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

அந்த வசனத்தின் வலு மேடையில் பிறந்தது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957-ல் சேலத்தில் அரங்கேற்றியது. குதிரைப்படையை மேடையில் நிறுத்த முடியாது. சொல்லால்தான் காட்ட வேண்டும். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும். 1959-ல் பி. ஆர். பந்துலு அதை வண்ணப் படமாக்கியபோது நிஜக் குதிரைகளே வந்தன. ஆனாலும் வசனத்தின் ஆட்சி குறையவில்லை. குறையாததுதான் சரி. அடுத்த ஆண்டு கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில், கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் சிறந்த நடிகரானார். இசைக்கான விருது ஜி. ராமநாதனுக்கு. சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புக்கு இழுத்தது என்று சிவாஜி சொல்லியிருக்கிறார். பின்னாளில் கயத்தாற்றில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலையும் வைத்தார்.

கட்டபொம்மனின் உண்மைக் கதையில் சிவகிரிக்கும் பெரிய பங்கு உண்டு. 1799-ல் சிவகிரிப் பாளையக்காரர் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கப்பம் கட்டிவந்தார். அவர் மகனோ பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் பக்கம். மேற்கு மலையடிவாரத்தில் சிவகிரிக் கோட்டை பலமான இடம். அதைப் பிடிக்க அந்த மகனோடு கட்டபொம்மன் படை அனுப்பினார். தன்மீதே கைவைத்ததாகக் கும்பினி எடுத்துக்கொண்டது. மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிமீது படையெடுத்தார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு.

படமோ கட்டபொம்மன் வீழ்ந்த பழியை எட்டயபுரப் பாளையக்காரரின் தலையில் ஏற்றி நிற்கிறது. நடந்தது அவ்வளவு நேரான கதை இல்லை. ஒரே அரண்மனையில் அப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். கப்பம் கட்டிப் பாளையத்தைக் காப்பாற்றுவதா, எதிர்த்து நின்று இழப்பதா? அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று பேசினால் எப்பேர்ப்பட்ட காட்சியாக இருக்கும்!

சிவகிரி வட்டாரத்து ஆசிரியர்களே, மாணவர்களே, அடுத்த ஆண்டு விழாவுக்கு இதை எழுதி மேடையேற்றுங்கள். அப்பனை வில்லனாக்கிவிடாமல் எழுதுங்கள்.