நெய்தல் நிலமும் நகரத் திட்டமும்



மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரம் கடலுள் மறைகிறது. மகனைக் காணாது கலங்கிய மன்னன் இந்திர விழாவை மறந்தான். அதனால் கடல் நகரைக் கொண்டது என்கிறது காப்பியம். அழிவுக்குக் காரணம் வேண்டும், அக்காரணம் மனிதர் செய்யத் தவறிய ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று சாத்தனார் கருதினார் போலும். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவ ஊராகிய பிள்ளைச்சாவடியில் கடல் கரையை அரித்து வீடுகளை நெருங்கியதற்கும் காரணம் உண்டு. அதை அறியத் தெய்வத்திடம் செல்ல வேண்டியதில்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கே திருப்புகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிச் செல்கிறது. அரிக்கமேட்டைத் தன் கரையில் கொண்ட அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், 1986க்கும் 1989க்கும் இடையே துறைமுகத்திற்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. யவன வணிகரோடு பண்டம் மாற்றிய பழைய துறையின் வாயிலிலேயே புதிய துறை வந்தது. மணலின் வழி அங்கே மறிக்கப்பட்டது. தென்புறம் மணல் குவிந்தது, வடபுறம் பசித்தது. தேங்கும் மணலை மறுபுறம் சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அது உரியவாறு இயங்கவில்லை. ஒரு திட்டத்தில் செலவு பிடிக்கும் பகுதி கட்டப்படுவதும், காக்கும் பகுதி கைவிடப்படுவதும் நம் நாட்டில் புதிய செய்தியன்று.

முதலில் நகரின் கடற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் நின்ற இடத்தில் நிலம் நின்றது. கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அது வடக்கே நடந்தது. அப்பால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், அதன்பின் பிள்ளைச்சாவடி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோட்டக்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிள்ளைச்சாவடியில் மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டதன் எச்சம் இது. 1954இல் ஆட்சி மாறியது, எல்லைக்கோடு மாறவில்லை. ஒரு துண்டில் கல் கொட்டினால் அடுத்த துண்டின் மணல் குறைகிறது. கொட்டுவது ஓர் அரசு, இழப்பது மற்றோர் அரசின் ஊர். இரண்டும் ஒரே மேசையில் அமராதவரை ஒவ்வொரு பாதுகாப்பும் பக்கத்து ஊருக்குக் கேடாகவே முடியும்.

கரை என்பது மீனவருக்கு வெறும் காட்சியன்று. கட்டுமரத்தை ஏற்றி வைப்பதும், கரைவலை இழுப்பதும், வலை பழுது பார்ப்பதும், பெண்கள் மீன் உலர்த்துவதும் மணற்பரப்பில்தான். கற்சுவர் வீட்டைக் காக்கலாம், தொழிற்களத்தைக் காக்காது. நெய்தலைப் பாடிய பழம்புலவர்கள் மணலையும் அடும்பையும் தலைவியின் துயருக்கு வெறும் பின்னணியாக வைக்கவில்லை. அந்நிலத்தின் பொழுது முதற்பொருளாகவும் தொழில் கருப்பொருளாகவும் சேர்ந்தே அங்கு அமைந்தன. நகரத் திட்ட வரைபடங்களிலோ அதே மணல் வெற்றிடமாக விடப்படுகிறது.

புதுச்சேரிக்குத் திட்டமிடல் தெரியாது என்று கூற இயலாது. இன்று காணும் நேர்த்தெருக்களுக்கு 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரர் வரைந்த படமே அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்த பின்னரும் அதே தெருக்கள் மீண்டும் எழுந்தன. அது மேலிருந்து வந்த திட்டம். கீழிருந்து வந்ததற்கும் சான்று உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலேயே ஏரி நீரைப் பங்கிட உழவர் சங்கங்கள் இயங்கின. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் பணி தொடங்கியபோது, ஊர்தோறும் சங்கம் அமைத்து, அவற்றின் வழியே அப்பணி நடைபெற்றது. ஏரிக்கு வாய்த்த இந்த முறை கடலுக்கு வாய்க்கவில்லை.

வாய்க்காமைக்கு ஒரு காரணம் வெளிப்படையானது. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1992இல் நகராட்சிகளுக்கும் திட்டக் குழுக்களுக்கும் இடம் வகுத்தது. ஆயினும் புதுச்சேரியில் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் தேர்தலே இல்லை. பிள்ளைச்சாவடியை உள்ளடக்கிய நகராட்சியின் பெயர் உழவர்கரை. கரை பெயரில் இருக்கிறது. கரையோருக்காகப் பேச மன்றம் இல்லை. எஞ்சியது மீனவரின் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றே. எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கலாகாது என்று கடலுக்கே விதி வகுத்துப் பழகிய அமைப்பு அது. அதைக் கலந்து பேசுவதற்கு மாறாக, ஊரார் சாலை மறியலில் இறங்கிய பின்னர் அதிகாரிகள் வந்து பேசுவதே வழக்கமாயிற்று.

2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்தின் அருகே நீருள் மூழ்கிய எஃகுத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. நகரின் முன் மணல் ஓரளவு மீண்டது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பயணிகள் உலவும் கரைக்கு முதலில் மணல் வந்தது, தொழில் செய்வோரின் கரைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிள்ளைச்சாவடி மக்கள் கேட்பது தூண்டில் வளைவு. அவர்கள் கேட்பது நியாயம். வீடு இடியும்போது ஆய்வறிக்கைக்காகக் காத்திருக்க எவராலும் இயலாது. எனினும் அவ்வூருக்கு வடக்கே காலாப்பட்டு இருக்கிறது. அதற்கும் அப்பால் கனகசெட்டிக்குளம். பிறகு மீண்டும் தமிழ்நாடு. சாவடி என்ற சொல்லுக்கு வழிப்போக்கர் தங்குமிடம் என்பதோடு ஊரார் கூடிப் பேசுமிடம் என்றும் பொருள் உண்டு. வளைவு எங்கே அமையும், மணல் எங்கே நிற்கும், எங்கே குறையும், தெற்கே குவிந்த மணல் எப்போது வடக்கே கடத்தப்படும் என்பவற்றை, முதற்கல் இறங்குமுன், இரு அரசுகளின் பொறியாளர்களும் இவ்வூர்களின் பஞ்சாயத்தாரும் மீன் உலர்த்தும் பெண்களும் அத்தகைய ஒரு சாவடியில் ஒன்றாய் அமர்ந்து கேட்டறிதல் வேண்டும்.