குடலிறக்கம்
(சங்க மாதாந்தரக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)

 

நம்மவர் பல்வலி வந்தால் நாலுபேர் அறியச் சொல்லுவர். கவட்டியில் வீக்கங் கண்டாலோ மனைவி மக்களுக்குங் கூறாது வேட்டிக்குள் மறைப்பர். வெட்கத்தால் மறைக்கப்படும் அந்நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுகிறேன்.

ஆண் சிசு கருவிலிருக்கையில் விரைகள் வயிற்றினுள் உண்டாகிக் கவட்டியின் வழியே கீழிறங்குகின்றன. உடனிறங்கும் சவ்வு மூடாது நின்றுவிடின், குடல் அதனுட் புக இடமுண்டாகிறது. குழந்தைகளுக்கும் இந்நோய் காண்பது இதனாலேயே. முதியோர்க்கு அவ்விடத்துத் தசை தளர்வதாலும் வரும். ஆயுட்காலத்தில் ஏறக்குறைய 4 ஆடவரில் ஒருவருக்கு இது நேர்கிறது. பெண்டிர்க்கு மிகக் குறைவெனினும் இல்லாமலில்லை. குறைமாதப் பிறப்பு, குடும்பத்தில் முன்பு இந்நோயிருத்தல், தீராத இருமல், புகைபிடித்தல், மலச்சிக்கலாலும் மூத்திரத் தடையாலும் முக்குதல் ஆகியவை இதற்கு ஏதுவாகும்.

படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடுகிறதென்று பலர் அசட்டையாயிருப்பர். ஒருநாள் அது போகாமற் சிக்கி, இரத்தவோட்டம் தடைப்படின், சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வீக்கம் இறுகிக் கடுமையாக வலித்தல், வாந்தி, மலமும் வாயுவும் வெளிப்படாமை ஆகியவை அதன் குறிகள். அப்பொழுது எண்ணெய் தேய்த்து அமுக்குதலும் பேதிமருந்து கொடுத்தலும் ஆபத்து. இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இத்துவாரத்தை அடைக்கும் மருந்து கிடையாது. கச்சை தாங்குமேயன்றிக் குணப்படுத்தாது. இரணசிகிச்சையே வழி. இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் பஸ்ஸீனி என்பவர் 1884-இல் தசைகளைச் சேர்த்துத் தைக்கும் முறையைத் தொடங்கினார். தையல் இழுபடுவதால் நோய் சிலர்க்கு மீண்டும் வந்தது. அமெரிக்க வைத்தியர் லிக்டன்ஸ்டைனும் அவரைச் சேர்ந்தோரும் 1989-இல் வெளியிட்ட முறையில், தசையை இழுக்காமல் மெல்லிய வலையொன்று வைத்துத் தைக்கப்படுகிறது. இன்று சிறு துளைகள் வழியாகவும் வலை வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு வலை வேண்டுவதில்லை. சவ்வுப் பையைக் கட்டிவிடுதலே போதும்.

உபத்திரவமில்லாத ஆடவர் சிலர் வைத்தியர் பார்வையிற் காத்திருக்கலாம். சிசுக்களுக்கும் பெண்டிர்க்கும் தாமதிப்பது தகாது.

தாய்மார்களே! பிள்ளை அழும்போது கவட்டி புடைக்கிறதா என்று பாருங்கள். பெரியோர்களே! மறைத்து வைத்திருப்போர் உங்களில் இருப்பின், இவ்வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள். பகலில், நல்ல நிலையில், ஆயத்தத்தோடு செய்யும் சிகிச்சை இலேசானது. குடல் அழுகியபின் செய்வதோ உயிரைப் பணயம் வைப்பதாகும். உங்கள் உயிர் உங்கள் குடும்பத்தின் சொத்து என்பதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.