புஷ்பக விமானமும் வீட்டில் செய்த விமானமும்

(ஒரு கிராமத்துச் சுயமரியாதைச் சங்க ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு விளையாட்டு விமானத்தைப் பற்றியது. சாமியையும் சாதியையும் பற்றிப் பேச வந்தவன் விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு, இதில் சாமியும் சாதியும் எங்கே வந்து புகுந்துகொண்டன என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

விமானம் என்றால் நம் நாட்டில் வெகுகாலமாகக் கோயில் கருவறையின் மேல் கட்டும் கோபுரத்துக்குப் பெயர். அது பறக்காது. பறப்பது எது என்று கேட்டால் புஷ்பக விமானம் என்பார்கள். அதைக் கண்டவன் ஒருவனுமில்லை. இராமாயணத்தில் இருக்கிறது என்பதுதான் ஆதாரம். சில பெரியவர்கள் இத்தோடு நிற்காமல் "வைமானிக சாஸ்திரம்" என்று ஒரு புத்தகத்தைக் காட்டி, பரத்வாஜ முனிவர் அன்றே எல்லாம் எழுதி வைத்தார் என்கிறார்கள். 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் பரிசோதித்தார்கள். அது 1904க்கு முற்பட்டதல்ல என்றும், அதில் சொல்லியுள்ளபடி செய்தால் ஒன்றும் பறக்காது என்றும் எழுதினார்கள். அப்படியிருந்தும் 2015இல் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிலேயே இந்தப் பழங்கதையை மேடையேற்றினார்கள் என்றால், இந்நாட்டில் வெட்கத்துக்கு எவ்வளவு பஞ்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

இது நிற்க. உண்மையில் பறந்தது எப்படிப் பறந்தது? 1871இல் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் பெனோ என்ற இளைஞர், ரப்பர் நாடாவை முறுக்கி ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் தூரம் போயிற்று. அதே வகையில் ரப்பரால் சுழலும் ஒரு பொம்மையை 1878இல் அமெரிக்காவில் ஒரு தகப்பனார் தம் பிள்ளைகள் இருவருக்கு வாங்கிக் கொடுத்தார். அப்பிள்ளைகள்தான் ரைட் சகோதரர்கள். பிற்பாடு சைக்கிள் கடை வைத்துப் பிழைத்த அவர்கள், 1903 டிசம்பர் 17ந் தேதி முதன்முறை பறந்தது 12 விநாடி; 120 அடி தூரம். எந்த முனிவரும் அவர்கள் காதில் மந்திரம் ஓதவில்லை.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு பொருளை ஆட்டுவிப்பதும் இப்படித்தான் வந்தது. 1898இல் நியூயார்க்கில் டெஸ்லா என்பவர் ஒரு சிறு படகைத் தண்ணீரில் விட்டு, ரேடியோ அலையினால் திருப்பிக் காட்டினார். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் அதை மந்திரம் என்றும், உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றும் சொன்னதாகச் சொல்வார்கள். ஆகவே மூடநம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் அங்கே சிலர் மூடியைத் திறந்து பார்த்தார்கள். 1937இல் அமெரிக்காவில் கலமஸூ என்ற ஊரில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், எட்டடி இறக்கையுள்ள ஒரு விமானத்தைத் தாங்களே செய்து, ரேடியோவினால் ஓட்டினார்கள். அந்த விமானம் இன்று அந்நாட்டுப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

இனி, நாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள், இருபது வயதுப் பெண், இத்தகைய விமானம் ஒன்றை வீட்டுத் திண்ணையிலேயே செய்ய ஆரம்பித்தாள். சிறியதல்ல, இறக்கை முனைக்கு முனை ஏழடிக்கு மேல். குட்டிக்கரணம் போடவும், தலைகீழாகப் பறக்கவும், மூக்கை வானத்துக்கு நீட்டி நின்றபடியே தொங்கவும் வல்ல ஜாதி விமானம். (ஜாதி என்றதும் பயப்படாதீர்கள், இது பிறப்பினால் வருவதல்ல, அமைப்பினால் வருவது.)

எலும்புகளெல்லாம் பல்சா என்ற மரம். தென்னமெரிக்காவில் விளைவது, தக்கையைப் போல் லேசானது. என்ஜின் உட்காரும் பலகை மட்டும் கெட்டியான பிளைவுட். தகப்பனார் அறுத்துக் கொடுத்தார். மகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டினாள். மேலே போர்த்திய மெல்லிய தாளைச் சூடான இஸ்திரிப் பெட்டியினால் தடவ, அது சுருங்கித் தம்பட்டத்துத் தோல்போல் விறைத்தது. என்ஜின் 50 சி.சி. பெட்ரோல் என்ஜின், அதன் காற்றாடி 22 அங்குலம். விரலைக் கொடுத்தால் விரல் போய்விடும். இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கச் சிறுசிறு மோட்டார்கள். எல்லாம் முடிய எட்டு மாதம் ஆயிற்று.

இந்த இறக்கையில் ஒரு பாடம் இருக்கிறது. இறக்கையின் மேற்புறம் அதிகமாக வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று வேகமாக ஓடிக் கீழே போகும் காற்றோடு ஒரே சமயத்தில் போய்ச் சேரவேண்டியிருக்கிறது, அதனால்தான் விமானம் எழும்புகிறது என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் எழுதியிருப்பதை நாமும் வெகுநாள் நம்பினோம். அந்தப் பெண்ணின் விமானத்து இறக்கையோ மேலும் கீழும் ஒரே வளைவு! தலைகீழாகவும் பறக்கிறது! பின் எப்படி? காற்றை எதிர்த்து இறக்கை சற்றுச் சாய்வாக நிற்பதால் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அதற்குப் பதிலாக இறக்கை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மேலே போன காற்று கீழே போன காற்றுக்காகக் காத்திருப்பதுமில்லை, சேர்ந்து போவதுமில்லை. ஆகவே தோழர்களே, புராணத்தில் இருந்தால்தான் பொய் என்றில்லை. பாடப் புத்தகத்தில் இருந்தாலும் சோதித்துத்தான் ஒப்பவேண்டும்.

பறக்கவிடும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்தரைக்குள் நல்ல நேரம் என்று சோதிடர் குறித்துக் கொடுத்தார். பெண்ணுக்கு இஷ்டமில்லை, வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. புரோகிதர் தாமதமாக வந்தார். விமானத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி முடிக்கும்போது மணி பத்தே முக்கால். விமானம் எழும்பிற்று. இருபதடி உயரம் போனதும் இடதுபுறம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக அவள் பிடியை வலப்புறம் தள்ளினாள். அது இன்னும் இடதுபுறமே உருண்டு, தலைகுப்புற வயலில் விழுந்தது.

உடனே என்ன சொன்னார்கள் தெரியுமா? ராகுகாலம் பிறந்தபின் விட்டதால் விழுந்தது என்றார் சோதிடர். நல்ல நேரத்தையெல்லாம் தின்று தீர்த்தது யாருடைய பூசை என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்பிள்ளை செய்த விமானம் வேறெப்படிப் போகும் என்றார் ஒரு பெரியவர். உளி பிடிக்கிற குலத்துக்கு ஆகாயம் எதற்கு என்றார் மற்றொருவர். தகப்பனாரும் மனமுடைந்து, "அம்மா, போதும். இதையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டு, வரன் பார்க்கட்டுமா?" என்றார். எட்டு மாத உழைப்பு மட்டுமல்ல, ஒரு பெண்ணின் வாழ்வே அன்று அடுப்பங்கரைக்குப் போக இருந்தது.

நாமும் யோக்கியர்போல் பேசக்கூடாது. நாம் என்ஜின் கோளாறு என்று அடித்துச் சொன்னோம். சோதிடர் கிரகத்தின் மேல் பழி போட்டார். நாம் என்ஜின் மேல் போட்டோம். இருவருமே சோதியாமல்தான் சொன்னோம்.

அந்தப் பெண் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. உடைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், பாட்டரியை மறுபடி இணைத்து, பிடியை வலப்புறம் தள்ளிப் பார்த்தாள். வலது இறக்கையின் மடிப்பு மேலே தூக்கவேண்டும். அது கீழே இறங்கிற்று! கருவியில் ஒரு திசை மாறி அமைந்திருந்தது. "அப்பா! அசைகிறதா என்று பார்த்தேன். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. குற்றம் என்னுடையது. நேரத்தின்மேல் போடாதீர்கள்" என்றாள்.

தோழர்களே! இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். "குற்றம் என்னுடையது" என்று சொல்லக்கூடியவன்தான் திருத்திக்கொள்ள முடியும். விதி, கிரகம், திருஷ்டி என்பவன் எதைத் திருத்துவான்? ராகுவை ஸ்பானர் கொண்டு திருப்ப முடியுமா? பூசைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் செலவாயிற்று. பிடியைத் தள்ளிப் பார்க்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைச் செலவழிக்க அன்று அங்கே ஆளில்லை.

மூன்று மாதத்தில் இறக்கையைப் புதிதாகச் செய்தார்கள். இந்தத் தடவை அவள் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாள். எடை நடு சரியான இடத்தில் நிற்கிறதா, மடிப்புகள் எந்தப் பக்கம் போகின்றன, பாட்டரி நிரம்பியிருக்கிறதா, ரேடியோ அலை தூரம் எட்டுகிறதா, அலை அறுந்தால் என்ஜின் தானே அடங்குகிறதா, திடலில் ஆள் நடமாட்டமுண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் என்பதால் ஆறரை மணிக்கு விட்டாள். விமானம் குட்டிக்கரணம் போட்டது, தலைகீழாகப் பறந்தது, பத்திரமாக இறங்கிற்று. "நல்ல நேரம், அதனால்தான்" என்றார் சோதிடர்! அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, நல்ல ராகுகாலத்தில், அதே காகிதத்தைப் பார்த்து அதே விமானத்தை விட்டாள். அன்றும் பறந்தது. சோதிடர் அன்று திடலுக்கு வரவில்லை.

கடைசியாக ஒன்று. 2003இல் கனடாவின் கீழ்க்கரையிலிருந்து அயர்லாந்துக்கு, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டி, ஐந்து கிலோ எடைகூட இல்லாத மர விமானம் ஒன்று சுமார் 39 மணி நேரத்தில் போய் இறங்கிற்று. அதைச் செய்த மேனார்டு ஹில் என்பவருக்கு அப்போது 77 வயது. கண் பார்வையும் காது கேள்வியும் பெரும்பாலும் போய்விட்டன. கை தடவித் தடவிச் செய்தார். முன்னே விட்டவை கடலில் விழுந்தும் மறுபடி செய்தார். அனுமான் கடல் தாண்டினான் என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிற நம்மவர்கள், இந்தக் கிழவர் கடல் தாண்டவிட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாதா?

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பெண் ரம்பத்தைக் கேட்டால் கொடுங்கள். ஒன்று விழுந்து உடைந்தால் சோதிடரைக் கூப்பிடாமல், உடைந்ததைத் திறந்து பாருங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தப் பெண் அடுத்த ஞாயிறு விடியற்காலை மறுபடி விமானத்தை விடப்போகிறாள். வந்து, பிடியைத் தள்ளி, எந்தப் பக்கம் அசைகிறது என்று நீங்களே பாருங்கள்.