சிறைச்சாலையின் சாவி யார் கையில்?

சென்னை மாநகரின் மேற்கு எல்லையில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்னும் மூன்று ஊர்கள் இருக்கின்றன. அரசாங்கம் எவ்வெப்பணிகளைத் தானே செய்தல் வேண்டும், எவற்றைத் தனியாரிடம் விடலாம் என்னும் வினாவை ஆராயும் மாணவர்களுக்கு இம்மூன்று ஊர்களைப் போல நல்ல பாடப்புத்தகம் வேறில்லை. 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம முறையில் அமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஆவடியில் அரசாங்கம் கனரக வாகனத் தொழிற்சாலையை நிறுவி, போர் டாங்கிகளைத் தானே செய்யத் தொடங்கியது. அண்டையிலுள்ள அம்பத்தூரிலோ, அரசாங்கம் அமைத்துக் கொடுத்த தொழிற்பேட்டையில் தனியார் தம் முதலைப் போட்டு எண்ணற்ற பட்டறைகளை நடத்துகின்றனர். பூந்தமல்லியில் தனி நீதிமன்றமும் கிளைச்சிறையும் உள்ளன. அம்பத்தூரிலிருந்து வடகிழக்கே சில மைல் சென்றால், 200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் புழல் மத்தியச் சிறை விரிந்து கிடக்கின்றது.

டாங்கியை அரசாங்கம் செய்கிறது. சைக்கிளைத் தனியார் செய்கின்றனர். இரண்டையும் நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். சிறைச்சாலை இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது? அதையும் ஒரு கம்பெனியிடம் ஒப்பந்தத்திற்கு விட்டால் என்ன? இந்த வினாவையே இன்று உங்கள் முன் வைத்து ஆராய விரும்புகிறேன்.

இது வெறும் கற்பனை வினா அன்று. 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் விசாரணையின்போது, பெரிய நிறுவனங்கள் சமுதாயப் பொறுப்பு நிதியைக் கொண்டு சிறைகளைக் கட்டித் தரலாமே என்னும் கருத்து நீதிபதி ஒருவராலேயே கூறப்பட்டது. அக்கருத்து எழுவதற்குக் காரணமும் இருந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர் 5,73,220 பேர். அச்சிறைகளில் இடமோ 4,36,266 பேருக்குத்தான் இருந்தது. நூறு பேர் தங்கவேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தொருவர் என்பது இதன் பொருள். இரவில் கால் நீட்டிப் படுக்க இடமில்லாத மனிதனிடம் போய், அரசாங்கம் பெரிதா தனியார் பெரிதா என்று தத்துவம் பேசுவது எளிதன்று. ஆகவே, தனியார் சிறையை ஆதரிப்போரின் வாதத்தை முதலில் மதிப்புடன் கேட்போம்.

அவர்கள் கூறுவது இது: அரசாங்கத்தின் வேலை மெதுவாக நடைபெறும், கம்பெனி விரைந்து கட்டும். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். உணவின் அளவு, மருத்துவரின் வருகை, கல்வி நேரம் ஆகிய எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். தவறினால் அபராதம் விதிக்கலாம். அரசாங்க ஊழியர் தவறினால் யாரிடம் அபராதம் வாங்குவது?

இவ்வாதம் புதியதன்று. இங்கிலாந்தின் பேரறிஞர் ஜெரமி பெந்தாம் 1791ஆம் ஆண்டிலேயே இதைக் கூறினார். வட்ட வடிவமான சிறை ஒன்றைத் தாமே கட்டித் தாமே ஒப்பந்தக்காரராக நடத்துவதாக முன்வந்தார். குறித்த விகிதத்திற்கு மேல் இறக்கும் ஒவ்வொரு கைதிக்கும் ஒப்பந்தக்காரர் பணம் கட்டவேண்டும் என்றும் விதி வகுத்தார். அப்பொழுது கைதியின் உயிரைக் காப்பதே ஒப்பந்தக்காரரின் இலாபமாகிவிடும் அன்றோ? ஆண்டுகள் பல கடந்தபின் பிரிட்டிஷ் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டு, 1813இல் அவருக்கு 23,000 பவுன் நஷ்டஈடு வழங்கியது.

பெந்தாமின் எண்ணம் கூர்மையானதே. ஆனால் அவர் காலத்திற்குச் சற்று முன்பு இங்கிலாந்தின் சிறைகள் எப்படி நடந்தன என்பதையும் பார்க்கவேண்டும். 1773இல் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீபாகப் பொறுப்பேற்ற ஜான் ஹோவர்டு அங்கே ஒரு விந்தையைக் கண்டார். சிறைக் காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவருக்கு வருமானம். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்த மனிதரைக்கூட, கட்டணத்தைக் கட்டும் வரையில் மீண்டும் உள்ளே அடைத்துவைத்தனர். காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்டு வேண்டினார். வேறெங்கேனும் அப்படிச் செய்வதுண்டா என்று அதிகாரிகள் கேட்டனர். அதைத் தேடி ஊர் ஊராகச் சென்ற அவர், எல்லாச் சிறைகளிலும் அதே அநியாயத்தையே கண்டு 1777இல் நூலாக எழுதினார். சிறைக் காவலர் அரசாங்கச் சம்பளம் பெறும் முறை இத்தகைய அநியாயங்களுக்கு மருந்தாகப் பிறந்தது. அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவில் மருந்து நேர்மாறாகச் சென்றது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், தென்மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமா மாநிலத்தில் இக்குத்தகை முறை 1928இல்தான் முடிவுற்றது. பின்னர் 1983இல் டென்னசி மாநிலத்தில், சிறைகளை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி தோன்றிற்று. 2012இல் அக்கம்பெனி 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் சிறைகளை விலைக்கு வாங்கி இருபது ஆண்டுகள் நாங்களே நடத்துகிறோம் என்பது அதன் செய்தி. அதனுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது: சிறையின் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு எப்பொழுதும் நிரம்பியிருக்கும் என்று மாநிலம் உறுதி கூறவேண்டும்.

இந்நிபந்தனையைச் சற்று நின்று நோக்குங்கள். வணிக நோக்கில் அதில் தவறொன்றும் இல்லை. விடுதி கட்டுபவர் அறைகள் நிரம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால் சிறைக்கு வாடிக்கையாளர் யார்? குற்றம் குறைந்தால் நாடு மகிழும். கம்பெனியின் கணக்கில் அது நஷ்டம். பென்சில்வேனியா மாநிலத்தில், தனியார் நடத்திய சிறுவர் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடம் இரு நீதிபதிகள் இரகசியமாகப் பணம் பெற்றுக்கொண்டு, சிறு குற்றங்களுக்கும் சிறுவர்களை அங்கே அனுப்பினர். அவர்களுள் ஒருவருக்கு 2011இல் 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எல்லாக் கம்பெனிகளும் இத்தகையவை என்று நான் கூறவில்லை. இலாபத்தின் திசையும் நீதியின் திசையும் எதிரெதிராக இருக்கும் இடத்தில், மனிதரின் நல்லியல்பை மட்டும் நம்பி ஒரு முறையை அமைக்கலாகாது என்பதே என் கருத்து.

சரி, நம் நாட்டிற்கு வருவோம். இங்கே இந்த ஆபத்து இன்னும் பெரிது. முன்பு கூறிய 5,73,220 பேரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. வழக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் அம்மனிதருக்கு ஒரு நாள் வாழ்வு போகிறது. நாள் கணக்கில் கூலி பெறும் கம்பெனிக்கோ ஒரு நாள் வரவு சேர்கிறது. தண்டனை பெற்றவரின் நிலையும் இத்தகையதே. நன்னடத்தைக்காகத் தண்டனையைக் குறைப்பதும் ஒழுங்கீனத்திற்காக அச்சலுகையை மறுப்பதும் சிறை அதிகாரியின் குறிப்பையே பெரிதும் சார்ந்திருக்கின்றன. ஒருவர் தங்கினால் இலாபம், சென்றால் நஷ்டம் என்னும் நிலையிலுள்ளவரிடம் அந்தப் பேனாவைக் கொடுக்கலாமா?

சிறையில் உள்ளவர் என்றும் உள்ளேயே இருக்கவேண்டியவர் என்று எண்ணுவதும் தவறு. பூந்தமல்லித் தனி நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28ஆம் நாள் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஆராய்ந்து நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மற்றைய 19 பேரையும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நேற்று வரை தூக்குமேடைக்கு உரியவராகக் காக்கப்பட்டவர், இன்று குடிமகனாக வெளியே வருகிறார். அவரை அதுவரை உயிரோடும் மானத்தோடும் காத்து வைத்திருக்கும் கடமை, தண்டனை விதித்த அரசினுடையதே.

இவ்வுண்மையை இஸ்ரேல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது. அந்நாட்டில் 2004இல் தனியார் சிறைக்கு இடமளித்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது, சிறையும் கட்டப்பட்டது. 2009 நவம்பரில் நீதிபதிகள் ஒன்பதின்மரில் எண்மர் அச்சட்டம் செல்லாது என்றனர். தனியார் சிறையில் உணவு கெட்டிருக்கும், அடி விழும் என்று அவர்கள் கூறவில்லை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறித்து, அவனை இலாபம் தேடும் நிறுவனத்தின் அதிகாரத்தின் கீழ் வைப்பதே அவனது மானத்திற்கு இழுக்கு என்றனர். சட்டத்தின் பெயரால் ஒருவரை அடைத்து வைக்கும்போது நாம் எல்லோரும் சேர்ந்து அடைத்து வைக்கிறோம். அப்பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.

நம் அரசியலமைப்பும் இக்கருத்துக்கு இசைந்ததே. ஏழாம் அட்டவணை, சிறைகளை மாநிலங்களின் பட்டியலில் நான்காவது இனமாக வைத்திருக்கின்றது. ஆகவே புழல் சிறையைப் பற்றி நம் சட்டமன்ற உறுப்பினர் வினா எழுப்பலாம். அமைச்சர் விடை கூறவேண்டும். டில்லி திகார் சிறையிலிருந்த சுனில் பாத்ரா என்னும் கைதி, மற்றொரு கைதியைக் காவலர் கொடுமைப்படுத்தியதைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சிறைக்கதவு மூடினாலும் அடிப்படை உரிமைகள் வெளியே நின்றுவிடுவதில்லை என்ற நெறியை 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்வழக்கில் நிலைநாட்டினார்.

இவ்விடத்தில் நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். அக்கொடுமையும் அரசாங்கச் சிறையில்தானே நடந்தது? வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் அரசாங்கச் சிறையில்தானே? ஆம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அரசாங்கம் நடத்துவதாலேயே ஒரு சிறை நல்ல சிறையாகிவிடாது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. இங்கிலாந்தில் பர்மிங்காம் சிறை 2011இல் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அங்கே பெருங்கலகம் மூண்டது. 2018 ஆகஸ்டில், ஆய்வாளர்களின் கடுமையான அறிக்கைக்குப்பின் அரசாங்கமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம், அபராதம், மேற்பார்வை ஆகிய எல்லாம் இருந்தும் இறுதியில் பொறுப்பு எவருடையதோ அவரிடமே சுமை வந்து சேர்ந்தது. தனியாரிடம் கொடுத்தால் அதிகாரம் மட்டுமே கை மாறுகிறது. பொறுப்பு அரசாங்கத்தின் தலையிலேயே நிற்கிறது.

அவ்வாறாயின், சிறை மதிலுக்குள் தனியார் காலடியே படலாகாதா? அப்படியும் இல்லை. பிரான்சு நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில சிறைகளில் சமையல், துப்புரவு, கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றைத் தனியார் கவனிக்கின்றனர். காவலும் ஒழுங்கும் அரசு ஊழியரிடமே உள்ளன. இங்கே நம் அண்டையிலேயே 2023இல் புழல் பெண்கள் சிறையைச் சேர்ந்த கைதிகள் பணியாற்றும் பெட்ரோல் நிலையம் அம்பத்தூர் சாலையில் திறக்கப்பட்டது. எண்ணெய் தருவது இந்தியன் ஆயில் நிறுவனம், நிருவாகம் சிறைத்துறையினது. கைதிகள் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்துள்ளது. கட்டடத்தைக் கட்டத் தனியாரை அழைக்கலாம்; தொழில் கற்பிக்க அழைக்கலாம்; ரொட்டி சுடும் இயந்திரத்தை வாங்கலாம். பூட்டும் சாவியும், தண்டிக்கும் அதிகாரமும், விடுதலைக்குரிய குறிப்பை எழுதும் பேனாவும் மட்டும் அரசு ஊழியரின் கையை விட்டு அகலலாகாது. நான் வகுக்கும் எல்லை இதுவே.

இடநெருக்கடிக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். புதிய சிறை கட்டுவதைவிட, உள்ளே இருக்கவேண்டாதவரை வெளியே அனுப்புவதே முதல் வழி. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உரிய தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வழி செய்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இப்பிரிவைச் செம்மையாக நிறைவேற்ற வழக்கறிஞர்களும் எழுத்தர்களும் தேவை. புதிய மதில் தேவையில்லை.

மாணவ நண்பர்களே, இந்நாட்டின் முதல் பெருஞ்சிறைகள் ஒரு கம்பெனியின் ஆட்சியில் எழுந்தவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சென்ட்ரல் நிலையத்தருகே 1837இல் எழுந்த பழைய மத்தியச் சிறை, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் காலத்தது. 2006இல் கைதிகள் அங்கிருந்து புழலுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அக்கட்டடம் இடிக்கப்பட்டு, இன்று அவ்விடத்தில் மருத்துவக் கல்லூரி நிற்கின்றது. கம்பெனியின் ஆட்சியில் சிறைப்பட்டவன் கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம் இல்லை. இன்று உங்களுக்கு அது இருக்கின்றது. வாக்குரிமை பெறும் நாளில், உங்கள் வட்டாரத்துச் சிறையில் எத்தனை பேர் இருக்கின்றனர், அவர்களுள் எத்தனை பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர் என்று உங்கள் பிரதிநிதியைக் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவரிடமே அச்சாவி இருக்கட்டும்.